தண்ணீர்ப் பந்தலில் தொடங்கிய மாற்றம்: பிரசாதமும் நம் உடல் நலமும்

(ஆலய நிர்வாகக் குழுச் செயலாளர்)

எல்லாம் வல்ல முருகப் பெருமானின் திருவருளால் எங்கள் ஆலயத்தில் இவ்வாண்டுப் பங்குனி உத்திரத் திருவிழாவிற்கான ஏற்பாடுகள் நடைபெற்று வருகின்றன. உபயக்காரர்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். காவடி எடுப்போர் விரதம் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் இவ்வேளையில் நிகழ்ச்சி நிரலையும், நன்கொடையாளர்களுக்கு நன்றியையும் எழுதுவது என் வழக்கம். இம்முறை அவற்றோடு, எங்கள் தண்ணீர்ப் பந்தலில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தையும் அதற்கான காரணத்தையும் பக்தப் பெருமக்கள் முன் வைக்க விரும்புகிறேன். உபயக்காரர்கள் சிலருக்கு இம்மாற்றத்தில் மனக்குறை உண்டு என்பதை நான் அறிவேன். அவர்களுக்கும் இக்கட்டுரை விளக்கமாக அமையட்டும்.

ரோஜா நிறப் பீப்பாய்கள்

வெயிலில் வருவோரின் தாகம் தீர்ப்பது நம் சமயம் போற்றும் அறங்களுள் ஒன்று. எங்கள் தந்தையார் காலத்தில் பந்தலில் இரண்டே பானங்கள் இருந்தன. ஒன்று நீர்மோர், மற்றொன்று பானகம். வெல்லத்தைத் தட்டிக் கரைத்து, வடிகட்டி, சுக்கும் ஏலமும் பொடித்துப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, துளசி கிள்ளிப் போடுவார்கள். முதல் நாள் இரவே பெண்கள் அமர்ந்து வேலையைத் தொடங்கிவிடுவார்கள்.

நான் நிர்வாகக் குழுவில் சேர்ந்தபோது அந்த வழக்கம் மறைந்திருந்தது. பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்களில் தண்ணீரை நிரப்பி, ரோஸ் சிராப் புட்டிகளைக் கவிழ்த்து, டின் பாலை ஊற்றி, பனிக்கட்டியைப் போட்டால் பத்து நிமிடத்தில் பானம் தயார். பிள்ளைகள் விரும்பிக் குடித்தார்கள். உபயக்காரர்களுக்கும் புட்டிகளை வாங்கித் தருவது எளிதாக இருந்தது. இதில் குறை காண எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அந்தப் பீப்பாய்களின் அருகே நின்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் அகப்பையால் ஊற்றிக் கொடுத்தவர் என் தமையனார். காவடி எடுத்து முடித்த கையோடு பந்தலுக்கு வந்துவிடுவார். கூட்டம் கலையும்வரை உட்காரமாட்டார். பசித்தபோதெல்லாம் அவர் குடித்ததும் அதே பானந்தான்.

தமையனாரின் சொல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி உத்திரத்தன்று, கொதிக்கும் தார்ச் சாலையில் வெறுங்காலுடன் நடந்ததில் அவருடைய வலது பாதத்தில் கொப்புளம் எழுந்தது. அவர் அதை உணரவே இல்லை. பல ஆண்டுகளாக இனிப்பு நீர் நோய் இருந்தும் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாதவர். இரத்தத்தில் சர்க்கரை நீண்ட காலம் மிகுந்திருந்தால் நரம்புகள் பழுதடைந்து பாதம் உணர்விழக்கும். இரத்தக் குழாய்களும் கெடுவதால் புண் ஆறுவது தாமதமாகும். துர்நாற்றம் வந்த பிறகே வீட்டார் கண்டார்கள். முழங்காலுக்குக் கீழே காலை அகற்ற வேண்டியதாயிற்று.

மருத்துவமனைப் படுக்கையில் அவர் என்னிடம் சொன்ன சொல் இன்றும் என் காதில் ஒலிக்கிறது. “தம்பி, புண்ணியம் என்று எண்ணித்தான் இத்தனை ஆண்டும் ஊற்றினேன். என்னைப் போல் வியாதி உள்ளவர்கள் எத்தனை பேர் அந்த வரிசையில் நின்றார்களோ! ஒருவரைக்கூட நான் கேட்டதில்லையே.”

அவருடைய நோய்க்குப் பந்தல் பானம் மட்டுமே காரணம் என்று நான் கூறவில்லை. பரம்பரை, உடல் எடை, உழைப்பின்மை, மருந்தில் அலட்சியம் ஆகிய பலவும் சேர்ந்தே இந்நோயை வளர்க்கின்றன. ஆயினும் அவர் கேட்ட கேள்விக்கு ஆலயம் விடை சொல்லியாக வேண்டும் என்று எண்ணினேன்.

நாட்டு நிலவரமும் அக்கேள்வியின் நியாயத்தைக் காட்டுகிறது. மலேசியச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 விழுக்காடாகக் குறைந்தபோதிலும், ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் என்ற நிலை இருக்கிறது. 2019ஆம் ஆண்டு ஆய்வில் இந்தியர்களிடையே இந்நோய் மற்ற இனத்தவரைவிட மிகுந்திருந்தது என்பது நாம் தலைகுனிந்து எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

கரும்பும் நம் முன்னோரும்

கரும்பு நமக்குப் புதிதன்று. அதியமானின் முன்னோர் கரும்பைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்த செய்தியை ஔவையார் புறநானூற்றில் குறிப்பிடுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக மலாயாவுக்கு வந்தபோது அவர்களுள் பலர் முதலில் இறங்கிய இடமே இன்று செபராங் பிறை எனப்படும் புரொவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்கள்தாம். ரப்பர் பின்னர்தான் வந்தது. கரும்பு வெட்டியும் பால் மரம் சீவியும் விடியற்காலை முதல் உழைத்த அந்த உடல்கள், வரக்கோப்பியில் போட்ட சீனியை நண்பகலுக்குள் எரித்துவிட்டன. அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம் காரில் ஏறி அலுவலகம் சென்று நாற்காலியில் அமர்கிறோம். உழைப்பு குறைந்துவிட்டது, சீனியின் அளவோ பெருகிவிட்டது.

கரும்புச் சாற்றைக் காய்ச்சி இறுக்கினால் வெல்லம் கிடைக்கிறது. ஆலையில் அதே சாற்றைச் சுண்ணாம்பிட்டுத் தெளியவைத்து, காய்ச்சிப் படிகமாக்கி, இயந்திரத்தில் சுழற்றிப் பழுப்புப் பாகைப் பிரித்தெடுக்கிறார்கள். பிறகு மீண்டும் கரைத்து நிறம் நீக்கினால் எஞ்சுவது வெள்ளைச் சீனி. அது ஏறக்குறைய முழுவதும் சுக்ரோஸ். நார்ச்சத்தோ வேறு ஊட்டமோ அதில் இல்லை. சோள மாவிலிருந்தும் இனிப்புப் பாகு செய்கிறார்கள். மாவுச்சத்தை நொதிகளால் குளுக்கோஸாக உடைத்து, அதில் ஒரு பகுதியைப் பிரக்டோஸாக மாற்றுவார்கள். அப்பாகு பானங்களிலும் பலகாரங்களிலும் சேர்கிறது.

எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது?

உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தச் சக்தியில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் மேலும் நன்று. 2,000 கலோரி உண்பவருக்கு இது முறையே 50 கிராம், 25 கிராம் ஆகும். ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 4 முதல் 5 கிராம் எடையுள்ளது.

நாங்கள் சிராப் புட்டியின் அட்டையையும் டின் பாலின் அட்டையையும் படித்து, பீப்பாயில் ஊற்றிய அளவைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தோம். 200 மில்லிலிட்டர் கொண்ட ஒரு குவளையில் ஏறத்தாழ 24 கிராம் சர்க்கரை இருந்தது. ஒரே குவளையில் ஒரு நாளின் நல்ல அளவு முடிந்துவிடுகிறது. பிள்ளைகளோ மூன்று குவளை குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டிலும் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். அட்டையில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் என்றிருந்தால், 320 மில்லிலிட்டர் டின்னில் 32 கிராம். இனிப்புச் சுவை நாவில் படாத பொருள்களிலும் சீனி உண்டு. தக்காளிச் சாஸ், மிளகாய்ச் சாஸ், ரொட்டி, பிஸ்கட், சில கடைகளில் ரொட்டி சானாய் மாவு ஆகியவற்றிலும் அது சேர்கிறது. கருப்புக் கிச்சாப்பின் இனிப்பை நாம் சமையலில் கவனிப்பதே இல்லை. அட்டையில் பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து வரிசையாக எழுதுவார்கள். சில உடனடிக் காப்பித் தூள்களில் முதலில் நிற்பது காப்பியன்று, சீனியே. சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் பாகு, பிரக்டோஸ் எனப் பெயர்கள் பல, பொருள் ஒன்றே.

அரசாங்கங்களும் இதை உணர்ந்துள்ளன. மலேசியாவில் சீனிக்கான உதவித்தொகை 2013 அக்டோபரில் அகற்றப்பட்டது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை கொண்ட பானங்களுக்கு 2019 ஜூலை 1 முதல் லிட்டருக்கு 40 காசு வரி விதிக்கப்பட்டது. 2024இல் அது 50 காசாகவும், 2025 ஜனவரியில் 90 காசாகவும் உயர்ந்தது. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் பானங்களை ஏ முதல் டி வரை தரம் பிரிக்கும் முறை நடப்புக்கு வந்தது.

வெல்லமும் தேனும்

இங்கே என் தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தமையனாரின் நிலையைக் கண்ட நாள்முதல் என் வீட்டில் வெள்ளைச் சீனியை நிறுத்தினேன். அதற்கு ஈடாகக் காப்பியில் வெல்லத்தையும், காலையில் தேனையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டேன். இயற்கைப் பொருள் தீங்கு செய்யாது என்பது என் நம்பிக்கை. ஆறு மாதம் கழித்து அரசாங்கச் சுகாதார நிலையத்தில் இரத்தம் சோதித்தபோது, மூன்று மாதச் சராசரி அளவு முன்னையினும் கூடியிருந்தது.

அங்கிருந்த தாதி பொறுமையாக விளக்கினார். “ஐயா, வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரைதான். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. நிறம் மாறினால் இரத்தத்திற்குத் தெரியாது. அளவைக் குறையுங்கள்” என்றார். வெல்லத்தில் இரும்பு முதலிய தாதுக்கள் சிறிதளவு உண்டு, மணமும் உண்டு. குறைவாகச் சேர்த்தாலும் அம்மணத்தால் சுவை நிறைகிறது என்பதே அதன் நன்மை. அதைக் காரணம் காட்டி அள்ளிப் போட்டால் அந்த நன்மையும் இல்லை. பழத்தை முழுதாக உண்டால் நார்ச்சத்து உடன் வருகிறது. பிழிந்து வடிகட்டிய சாற்றில் அது போய்விடுகிறது.

செயற்கை இனிப்பூட்டிகளைப் பயன்படுத்தலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். அஸ்பார்டேம், சுக்ராலோஸ் போன்றவற்றை உடல் எடையைக் குறைக்கும் வழியாகக் கொள்ள வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் பரிந்துரைத்தது. ஏற்கனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அப்பரிந்துரை பொருந்தாது; அவர்கள் தம் மருத்துவரைக் கேட்டு நடக்கலாம். பிள்ளைகளின் நாவை மிகையினிப்பிலிருந்து மீட்பதே எங்கள் நோக்கமாதலால் அவற்றைப் பந்தலில் சேர்க்கவில்லை.

குழுக் கூட்டத்தில் எழுந்த வினா

பந்தலில் சிராப்பை நிறுத்தவும், அன்னதானத்தில் இனிப்பைக் குறைக்கவும் நான் தீர்மானம் கொண்டுவந்தபோது கடும் வாக்குவாதம் எழுந்தது. “செயலாளரே, சுவாமிக்குப் படைப்பதில் கஞ்சத்தனம் செய்யலாமா? என் தந்தையார் காலம் முதல் செய்துவரும் உபயம் இது” என்று மூத்த உபயக்காரர் ஒருவர் எழுந்து கேட்டார். அவருடைய வருத்தம் உண்மையானது. எனக்குப் பதில் சொல்ல வாய் எழவில்லை.

அப்போது எங்கள் ஆலயக் குருக்கள் பேசினார். “சுவாமிக்குப் படைப்பதில் எதையும் குறைக்க வேண்டியதில்லை. சர்க்கரைப் பொங்கலும் பஞ்சாமிர்தமும் முறைப்படி நைவேத்தியமாகும். பிரசாதம் என்பது உள்ளங்கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்பது. வயிறு நிறைய உண்பது அன்னதானம். இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டது நாம்தான்” என்றார். கூட்டத்தில் சற்று நேரம் எவரும் பேசவில்லை.

பஞ்சாமிர்தத்தையும் அவர் நினைவூட்டினார். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தம் வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் ஆகியவற்றால் ஆவது. எங்கள் ஆலயத்திலோ கூட்டம் பெருகப் பெருக, பழத்தைக் குறைத்து வெள்ளைச் சீனியைக் கொட்டி அளவைப் பெருக்கியிருந்தோம். இப்போது பழமே மிகுதியாக இருக்கிறது. ஒருவருக்கு ஒரு சிறு கரண்டி மட்டும் வழங்குகிறோம்.

பந்தலின் புதிய கணக்கு

பானகத்தை மீட்டபோது முதல் ஆண்டில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் வெல்லம் போட்டோம். மறு ஆண்டு 70 கிராம். அதற்கடுத்த ஆண்டு 40 கிராம். இப்போது ஒரு குவளைக்கு 8 கிராம் வெல்லமே சேர்கிறது. சுக்கு, ஏலம், துளசி, நிறைய எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவை குறையை உணர்த்தாமல் காக்கின்றன. ஒரேயடியாகக் குறைத்திருந்தால் மக்கள் ஒதுக்கியிருப்பார்கள். படிப்படியாகக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்கிறது. பானகத்திற்கு இணையாக நீர்மோரும், வெறும் குளிர்நீரும் வைத்திருக்கிறோம். அன்னதானத்தில் எலுமிச்சைச் சாதம், சுண்டல், காய்கறிக் கூட்டு ஆகியவை கூடியுள்ளன.

முதல் ஆண்டில் குறை கூறியவர்கள் மிகுதி. “ஆலயத்தில் காசு இல்லையா?” என்று கேட்டவர்களும் உண்டு. இன்று முதியவர்கள் பலர் நீர்மோரைக் கேட்டு வாங்குகிறார்கள். ஆயினும் முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை. நான் மேலே கூறிய உபயக்காரர் எங்களிடமிருந்து விலகி, வாயிலுக்கு வெளியே தனிப்பந்தல் அமைத்துப் பழையபடி ரோஸ் பானம் வழங்குகிறார். பிள்ளைகளின் வரிசை அங்கேதான் நீளமாக இருக்கிறது.

விரதம் இருப்போர் கவனத்திற்கு

நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்வோரும் இன்சுலின் ஊசி போடுவோரும் விரதத்திற்கு முன் மருத்துவரைக் கட்டாயம் கலந்து பேச வேண்டும். உணவைக் குறைத்து மருந்தைக் குறைக்காவிட்டால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். அந்நேரத்தில் சீனியே மருந்து. 15 கிராம், அதாவது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டிச் சீனி அல்லது குளுக்கோஸை நீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவ உதவி நாட வேண்டும். இதற்காக எங்கள் முதலுதவிக் கூடத்தில் குளுக்கோஸ் வைத்திருக்கிறோம். நீரிழிவு உள்ளோர் பாதயாத்திரைக்குப் பின் பாதங்களைக் கண்ணால் பார்த்துச் சோதிப்பதும் மிக அவசியம். வலிக்கவில்லை என்பதால் காயம் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

இல்லங்களில் செய்யத்தக்கவை

தேநீரில் இரண்டு கரண்டி போடுவோர் இவ்வாரம் ஒன்றரை போடலாம். சில வாரம் கழித்து ஒன்றாக்கலாம். கடையில் “குராங் மானிஸ்” என்றோ, “கோசோங்” என்றோ கேட்கக் கூச்சப்பட வேண்டாம். டின் பாலுக்குப் பதில் சீனி சேர்க்காத பாலை ஊற்றலாம். பிள்ளைகளின் பள்ளிப் புட்டியில் தண்ணீரே இருக்கட்டும். பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் பாயசம் வையுங்கள்; அதை நாள்தோறும் வேண்டாம். வீட்டில் நோயாளி ஒருவர் இருந்தால் அவருக்கு மட்டும் தனிச் சமையல் செய்யாமல், குடும்பமே அவருடைய உணவுக்கு மாறுவது நன்று. அவருக்கு அது ஆறுதல், மற்றவர்களுக்குக் காப்பு.

என் தமையனார் சக்கர நாற்காலியில் அமர்ந்து இப்போதும் பந்தலுக்கு வருகிறார். ஊற்றும் பணியை இளைஞர்கள் செய்கிறார்கள். வரிசையில் நிற்பவர்களிடம், “உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா, மோர் தரட்டுமா?” என்று கேட்பது அவருடைய பணி.

விலகிச் சென்ற உபயக்காரர்மீது எங்களுக்கு எள்ளளவும் மனத்தாங்கல் இல்லை. அவரும் முருகனடியாரே, அவர் ஊற்றுவதும் அன்பினாலேயே. இவ்வாண்டு நீர்மோர் உபயத்தை வேறு எவருக்கும் கொடாமல் அவருக்காகவே ஒதுக்கி வைத்திருக்கிறோம். பந்தலின் பெயர்ப்பலகையில் அவருடைய தந்தையாரின் பெயர் இன்னும் அழியாமல் இருக்கிறது. இந்த வரிகள் அவர் கண்ணில் பட வேண்டும் என்பது என் வேண்டுதல்.

பக்தப் பெருமக்கள் அனைவரும் குடும்பத்துடன் வருகை தந்து, இறைவனைத் தரிசித்து, உள்ளங்கையளவு பிரசாதமும் வயிறார அன்னமும் பெற்று, நோயற்ற வாழ்வோடு நீடூழி வாழ எல்லாம் வல்ல கந்தப் பெருமான் அருள்புரிவாராக.